சிதைவுகள் சொல்லும் சாட்சி

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. இராஸ்தா பேட்டையில் அன்பர் ஒருவர் இல்லத்தில் நம்மவர் சிலர் கூடியிருந்தோம். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு முடிந்து, காப்பி வந்துகொண்டிருந்த நேரம். ஹிஞ்சவாடியில் பணிபுரியும் பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் தம் கைபேசியை நம் முன் நீட்டினார். அகமதாபாத்தில் விடுதிக் கட்டடத்தின் சுவரில் ஆகாய விமானத்தின் வால் செருகி நிற்கும் படம் அதில் இருந்தது.

“சார், நீங்களே சொல்லுங்கள். இருநூறு டன் எடையுள்ள விமானம் மோதியதாம். வால் மட்டும் எப்படி முழுதாக நிற்கும்? மனிதர்கள் கரிந்துபோன இடத்தில் ஒரு புத்தகம் எப்படி எரியாமல் கிடக்கும்? ஒருவர் மட்டும் எப்படி எழுந்து நடந்து வருவார்? இதில் எதையோ மறைக்கிறார்கள்” என்றார் அவர்.

நாம் மறுமொழி கூறுமுன், மூலையில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் குவளையைக் கீழே வைத்தார். அவருடைய மகன் அந்நகரில் வேறொரு கல்லூரியில் படிப்பவன். ஜூன் 12ஆம் நாள் பிற்பகல் செய்தி வந்தது முதல் மாலை ஆறு மணி வரை அவன் தொலைபேசி எடுக்கவில்லை. “தம்பி, அன்று நான் ஐந்து மணி நேரம் பூசையறையைவிட்டு வெளியே வரவில்லை. என் பிள்ளை பிழைத்தான். பிழைக்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காதில் இது விழுந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து சென்றார்.

கூட்டம் அத்துடன் கலைந்தது. ஆயினும் இருவர் பேச்சும் நம்மை விடவில்லை. அம்மையாரின் துயரம் நியாயமானது. அந்த இளைஞரும் தீயவர் அல்லர். கண்ணால் கண்டதைக் கேட்டார். கேள்வி கேட்பவனை அதட்டி அடக்குவது அறிவுடைமை ஆகாது. எனவே, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிப் பழகிய கையினராகிய நாம், அவ்விபத்தைப் பற்றிய முதற்கட்ட அறிக்கையையும் பிற நாடுகளில் நேர்ந்த இத்தகைய விபத்துகளின் வரலாற்றையும் தேடிப் படித்தோம். படித்தவற்றை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

நடந்தது என்ன?

2025 ஜூன் 12ஆம் நாள் பிற்பகல் 1 மணி 38 நிமிடத்திற்கு, ஏர் இந்தியா நிறுவனத்தின் போயிங் 787 விமானம் 242 பேருடன் அகமதாபாத்திலிருந்து இலண்டன் நோக்கி எழும்பியது. எழும்பிய 32 விநாடிகளில் அதன் பதிவுக் கருவிகள் ஓய்ந்தன. ஓடுபாதையின் முனையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், மேகாணி நகர்ப் பகுதியில், பி.ஜே. மருத்துவக் கல்லூரியின் விடுதிக் கட்டடங்களில் அது மோதியது. மாணவர்கள் மதிய உணவு உண்ணும் வேளை அது. விமானத்தில் இருந்தவர்களுள் 241 பேரும், தரையில் இருந்தவர்களுள் 19 பேரும் மாண்டனர். ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார்.

நமக்கும் இது தொலைவான செய்தி அன்று. லோஹகாவ் விமான நிலையத்தைச் சுற்றி வாழும் நம் குடும்பங்கள் நாள்தோறும் தலைக்கு மேல் விமான ஓசை கேட்பவை. நம் மாவட்டத்தின் ஜுன்னர் மலைப்பகுதியில் 1962 ஜூலைத் திங்களில் இத்தாலிய விமானம் ஒன்று மோதி 94 பேர் மாண்டதை முதியோர் அறிவர். 2000 ஜூலை 17ஆம் நாள் பாட்னா நகரின் கர்தனிபாக் பகுதியில் அரசு ஊழியர் குடியிருப்பின்மேல் ஒரு விமானம் வீழ்ந்து, தரையில் இருந்த ஐவர் உட்பட 60 பேர் மாண்டனர். வீட்டுக்குள் அமர்ந்திருப்பவனுக்கும் வானிலிருந்து ஆபத்து வரக்கூடும் என்பதால்தான் இந்த வினாக்கள் நம்மை இவ்வளவு தைக்கின்றன.

வால் ஏன் நின்றது?

இளைஞரின் முதல் வினாவுக்கு வருவோம். மோதலில் முதலில் இடிபடுவது விமானத்தின் முன்பகுதி. அது நொறுங்க நொறுங்க வேகத்தின் ஆற்றல் செலவாகிறது. கடைசியில் வருவது வால்; அது சுவரை அடையும்போது வேகத்தின் பெரும்பகுதி தணிந்திருக்கும். மேலும், எரிபொருள் இருப்பது இறக்கைகளிலும் விமானத்தின் நடு வயிற்றிலும்தான். அன்று அவ்விமானம் சுமந்த எரிபொருள் 54 டன். தீ அங்கே பற்றுகிறது. வாலில் எரிவதற்கு அவ்வளவு பொருள் இல்லை. அகமதாபாத்தில் வாற்பகுதியும் வலப்புறச் சக்கரத் தொகுதியும் முதற் கட்டடத்தின் வடகிழக்குச் சுவரில் சிக்கிக்கொண்டன. எஞ்சிய உடல் முன்னோக்கிச் சென்று அடுத்தடுத்த கட்டடங்களில் சிதறியது. மொத்தம் ஐந்து கட்டடங்கள் அடிபட்டன. சிதைவுகள் ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமும் நானூறு அடி அகலமும் கொண்ட பரப்பில் கிடந்தன. ஆகவே, வால் முழுதாக நின்றது மோதலுக்கு எதிரான சாட்சி அன்று. மோதல் எத்திசையில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கே அது சாட்சி.

வேகம் மாறினால் காட்சியும் மாறும். அகமதாபாத்தில் பதிவான மிகுந்த வேகம் 180 நாட். அதாவது மணிக்கு 333 கிலோமீட்டர். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் வாஷிங்டனை அடுத்த பென்டகன் கட்டடத்தில் மோதிய போயிங் 757 விமானமோ மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. வேகம் இரண்டரை மடங்கானால் மோதும் ஆற்றல் இரண்டரை மடங்கன்று. ஆறு மடங்குக்கு மேல். ஆதலால் அங்கே வால்கூட நிற்கவில்லை. பெரும்பாலானவை சிறு துண்டுகளாயின.

“துளை சிறிது, விமானம் பெரிது, ஆகவே மோதியது விமானமே அன்று” என்று 2002ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஒருவர் நூலே எழுதினார், அது பரபரப்பாக விற்றது. ஆனால் கட்டடப் பொறியாளர்கள் தூண் தூணாக அளந்து 2003இல் வெளியிட்ட அறிக்கை வேறு கூறியது. படங்களில் தெரிந்த சிறு துளை மேல் தளத்தது. அதன் கீழே, தீயணைப்பு நீரின் திரைக்குப் பின்னால், தரைத்தளத்தில் தூண்கள் நெடுந்தூரம் பெயர்ந்திருந்தன. வரும் வழியில் சாலை விளக்குக் கம்பங்கள் ஐந்து முறிந்து கிடந்தன. விமானத்தின் பதிவுக் கருவியும் பயணிகளின் உடற்கூறுகளும் கட்டடத்தினுள்ளேயே கிடைத்தன. படம் பொய் சொல்லவில்லை; படத்தைப் பார்த்தவர் பாதியைப் பார்த்து முழுமையை முடிவு செய்தார்.

இவ்வையம் தோன்றுமுன்பே இதற்கு விடை தந்த விபத்து ஒன்றுண்டு. 1945 ஜூலை 28ஆம் நாள், மூடுபனியில் வழி தவறிய பி-25 குண்டுவீச்சு விமானம் ஒன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 79ஆம் மாடியருகே மோதியது. பதினால்வர் மாண்டனர். அவ்விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 67 அடிக்கு மேல்; சுவரில் விழுந்த துளையோ ஏறத்தாழ 18 அடிக்கு 20 அடி. கனமான எஞ்சின்களுள் ஒன்று கட்டடத்தை முழுதும் துளைத்து மறுபுறம் வெளியேறியது. மற்றொன்று லிப்டுக் குழியில் வீழ்ந்தது. இலேசான அலுமினியத்தாலான இறக்கைகளுக்கு அந்த வல்லமை இல்லை. கூழாங்கல்லையும் காகிதத்தையும் சேர்த்துக் கட்டிச் சன்னல் கம்பிமேல் எறிந்தால் எது உட்புகும், எது கசங்கும் என்பதைச் சிறுவனும் அறிவான்.

எரியாத ஏடு

எரியாத நூலைப் பற்றியும் கூறுவோம். அகமதாபாத்தின் சிதைவுகளிடையே பகவத் கீதைப் புத்தகம் ஒன்று அதிகம் சேதமின்றிக் கிடைத்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. சிலர் அதனைத் தெய்வ அற்புதம் என்றனர். சிலர் பின்னர்க் கொண்டுவந்து வைத்தது என்றனர். நம்பிக்கையுடையோர் உள்ளத்தில் நாம் குறுக்கிடவில்லை. இயற்கையின் கணக்கை மட்டும் சொல்வோம். மூடிய புத்தகம் எளிதில் எரியாது. ஏடுகளுக்கிடையே காற்று இல்லை. ஓரம் கருகும், உள்ளே வாசகம் நிற்கும். பழைய காகிதக் கட்டுகளைக் கொல்லையில் எரிக்க முயன்றவர் எவரும் இதனை ஒப்புவர். அன்றியும், மோதல் கணத்திலேயே பல பொருள்கள் தீக்கு வெளியே வீசி எறியப்படுகின்றன. அங்கு மீட்புப் பணிக்கு ஓடிய எளிய மக்கள், நகைகளையும் பணத்தையும் கடவுச்சீட்டுகளையும் பொறுக்கியெடுத்துக் காவலரிடம் ஒப்படைத்தார்கள் என்பதும் செய்தி. உருகாத நகையும் எரியாத கடவுச்சீட்டும் இருந்தால், எரியாத நூலும் இருக்கலாம் அன்றோ?

உயிர் தப்பியவர் அமர்ந்திருந்தது 11ஏ இருக்கை. நெருக்கடிக் கதவை ஒட்டியது. தாம் இருந்த பகுதி கட்டடத்தின் தரைத்தளத்தருகே வீழ்ந்ததாகவும், கதவு உடைந்த வழியே வெளிவந்ததாகவும் அவர் கூறினார். 260 உயிர்கள் போன இடத்தில் ஓர் உயிர் நின்றதற்காக அவரை ஐயுறுவது, அவர் சுமக்கும் சுமையை இரட்டிப்பாக்குவதாகும். அவருடன் பயணம் செய்த உடன்பிறந்தார் பிழைக்கவில்லை.

சிதைவும் தவறாகச் சொல்லக்கூடும்

இதுவரை சொன்னது ஐயங்களுக்கு மறுப்பு. இனிச் சொல்வது ஐயத்திற்கு ஆதரவு. ஏனெனில், சிதைவுகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது.

அகமதாபாத் விபத்தை ஆராய்ந்த விமான விபத்து விசாரணைப் பிரிவு 2025 ஜூலை 12ஆம் நாள் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கையில் ஒரு செய்தி உண்டு. எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்கள் இரண்டும் சிதைவில் பின்னோக்கி, வேகம் குறைத்த நிலையில் கிடந்தன. அவற்றை மட்டும் கண்டவர் என்ன முடிவு செய்வார்? விமானிகள் விசையைக் குறைத்துவிட்டனர் என்பார். ஆனால் பதிவுக் கருவியோ, மோதும் வரையிலும் அவை முழு விசை நிலையிலேயே இருந்தன என்று காட்டியது. அவ்வாறே, எரிபொருளைத் திறந்து மூடும் விசைகள் இரண்டும் சிதைவில் ‘ஓடு’ நிலையில் கிடந்தன. அவற்றை மட்டும் கண்டவர், எரிபொருள் தடைப்படவே இல்லை என்பார். பதிவுக் கருவியோ, விமானம் எழும்பிய சில விநாடிகளில் அவை ஒரு விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ‘நிறுத்து’ நிலைக்குச் சென்றதையும், பத்து விநாடிகள் அளவில் மீண்டும் ‘ஓடு’ நிலைக்குத் திரும்பத் தொடங்கியதையும் காட்டியது.

ஆக, ஒரு சாட்சி போதாது. இரண்டையும் ஒப்பிட வேண்டும். அந்தப் பதிவுக் கருவிகளிலும் ஒரு பாடம் உண்டு. அவ்விமானத்தில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இருந்தன. வாற்பகுதியே பாதுகாப்பானது என்பது பொது விதி. ஆனால் கூரையின்மேல் கிடைத்த பின்புறக் கருவி வழக்கமான முறையில் படிக்க இயலாதவாறு சேதமுற்றிருந்தது. நான்கு நாள் கழித்து இடிபாடுகளில் கிடைத்த முன்புறக் கருவியே உண்மையைத் தந்தது. பொது விதி என்பது வழிகாட்டியே, தீர்ப்பு அன்று.

விமானிகளுள் ஒருவர், ஏன் நிறுத்தினீர் என்று வினவியதும், மற்றவர் தாம் அவ்வாறு செய்யவில்லை என்று விடையிறுத்ததும் ஒலிப்பதிவில் உள்ளன. யார் வினவினார், யார் மறுத்தார் என்பதை அறிக்கை சொல்லவில்லை. அந்த விசைகள் எவ்வாறு நகர்ந்தன என்பதையும் சொல்லவில்லை. எனினும் சில நாள்களிலேயே, பேச இயலாத இருவர்மேல் உலகெங்கும் தீர்ப்புகள் எழுதப்பட்டன. சிதைவே இல்லை என்பவரும், சிதைவு முற்றும் பேசிவிட்டது என்பவரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். ஆராயுமுன் முடிவு கட்டுவதே அப்பிழை.

நம் துறையிலும் நாம் இதனைக் கண்டதுண்டு. பல்லாண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், சரக்கு வண்டி ஒன்று தடம் புரண்டது. வண்டி ஓட்டியவர் வேகமாக வந்தார் என்று மாலைக்குள் ஊரே பேசியது. அவர் மனைவி நிலையத்து வாயிலில் அழுதுகொண்டு நின்றார். மூன்றாம் நாள், முறிந்த தண்டவாளத்தின் முறிவு முகத்தை அதிகாரி ஒருவர் விளக்கொளியில் காட்டினார். புதிதாக முறிந்த பகுதி பளபளத்தது. எஞ்சிய பகுதி துருவேறிக் கறுத்திருந்தது. அந்த விரிசல் வண்டி வருவதற்கு நெடுநாள் முன்பே இருந்தது. அன்று அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தது நம் கைகள்தாம். இரும்பு காத்திருந்து சொல்லிய அந்தச் சொல் ஒரு குடும்பத்தின் சோற்றையும் மானத்தையும் காத்தது. மக்கள் அவசரத்தில் அத்துண்டு குப்பையோடு போயிருந்தால்?

கேட்டவர் வென்ற கதை

கேள்வி கேட்ட மக்களே சரியென்று நின்ற வரலாறும் உண்டு. 1992 அக்டோபர் 4ஆம் நாள், எல் ஆல் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஆம்ஸ்டர்டாம் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பின்மேல் வீழ்ந்து 43 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்குக் குடியேறி வாழ்ந்த ஏழை எளியோர். நம்மைப் போல் பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்தோர். பின்னர் அப்பகுதியினர் பலர் நோயுற்றனர். “அந்த விமானம் எதைச் சுமந்து வந்தது?” என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். விமானத்தின் உரையாடல் பதிவுக் கருவி கிடைக்கவே இல்லை. எடைச்சமனுக்காக வாலில் வைத்திருந்த யுரேனியத்தில் ஒரு பகுதியும் கிடைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1998இல், நச்சு வாயு செய்யப் பயன்படக்கூடிய வேதிப்பொருள் ஏறத்தாழ 190 லிட்டர் அச்சரக்கில் இருந்தது வெளியாயிற்று. நாடாளுமன்றமே விசாரணை நடத்தியது. அப்பொருள்களே நோய்க்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆயினும் கேட்டவர்க்கு விடை மறுக்கப்பட்டது தவறு என்பது நிலைநின்றது.

அதே விபத்தில் சிதைவுகள் நன்மையும் செய்தன. எஞ்சினை இறக்கையோடு பிணைக்கும் சிறு ஊசியாணியில் உலோகச் சோர்வால் விழுந்த விரிசலே கேட்டின் தொடக்கம் என்று கண்டறியப்பட்டது. உலகெங்கும் அவ்வகை விமானங்களில் அந்தப் பிணைப்பு மாற்றி அமைக்கப்பட்டது. இன்று நம் உறவினர் சுகமாகப் பயணம் செய்கிறார்கள் எனில், எங்கோ ஒருவர் சாம்பலைச் சலித்து ஓர் ஆணியைத் தேடினார் என்பதே பொருள்.

ஆராய்பவர் எவருக்கும் கட்டுப்படாதவராய் இருத்தல் வேண்டும் என்பதை நம் நாடும் உணர்ந்ததுண்டு. இரயில் விபத்துகளை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர், இரயில்வே அமைச்சின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சின் கீழ் இருக்கிறார். இரயில் நடத்துவோரிடமிருந்து விசாரிப்போரைப் பிரிக்க 1941ஆம் ஆண்டு முதல் வந்த ஏற்பாடு அது. விமான விபத்தை விசாரிப்போரோ அதே விமான அமைச்சின் கீழ்தான் உள்ளனர். இது போதுமான விலக்கமா என்று குடிமக்கள் கேட்பது ஐயமனத்தின் நோய் அன்று, உரிமை. ‘எது மோதியது?’ என்பதைவிட, ‘ஆராய்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?’ என்பது பன்மடங்கு பயனுள்ள வினா.

ஒரு துளிக் குருதியின் சொல்

சாட்சிகளுள் மிக மென்மையானது ஒன்றுண்டு. விபத்து நடந்த சில நாள்களில் மாண்டோர் தொகை 270ஐயும் கடந்ததாக ஏடுகள் எழுதின. காந்திநகரின் தடய அறிவியல் ஆய்வாளர்கள், உறவினர் தந்த குருதி மாதிரிகளோடு டி.என்.ஏ. முறையில் ஒப்பிட்டு, ஒவ்வொருவராக இனங்கண்டனர். குஜராத்தின் முன்னாள் முதலமைச்சர் விஜய் ரூபானியின் உடலும் அவ்வாறே அடையாளம் காணப்பட்டது. இறுதியில் தொகை 260 என உறுதியாயிற்று. இல்லாத உயிரிழப்புகளை எண்ணிக்கையிலிருந்து நீக்கியதும் அறிவியல்தான். இருந்தவர்களைப் பெயரோடு வீட்டுக்கு அனுப்பியதும் அறிவியல்தான். அம்முடிவுக்காக மருத்துவமனை வாயிலில் நாள்கணக்கில் காத்திருந்த தந்தையரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் முன் சென்று, “விமானமே மோதவில்லை” என்று சொல்லத் துணிவோமா? சொல்லத் துணியாத ஒன்றைக் கைபேசியில் பத்துப் பேருக்கு அனுப்பத் துணிவது எங்ஙனம்?

தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. மதுரையில் பாண்டியன் அவையில் கண்ணகி கேட்டதும் சான்றையே. ஒரு பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பினான் அரசன். சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தபோது கோவலன் உயிரோடு இல்லை. கண்ணகி கதறியதோடு நின்றுவிடவில்லை. சான்றைக் கையில் கொண்டு சென்றாள். உடைத்துக் காட்டினாள். கேள்வி என்றால் அதுவன்றோ கேள்வி! எவர் வாயிலிருந்து வரினும் அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்ததும் இதற்கே. அரசு கூறினாலும் ஆராய்க. அரசை எதிர்ப்பவர் கூறினாலும் ஆராய்க.

ஆகஸ்டுத் திங்கள் கூட்டத்திற்கு அந்த இளைஞர் மீண்டும் வந்தார். பதினைந்து பக்க அறிக்கையை அச்செடுத்து, ஓரமெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். “வால், புத்தகம் எல்லாம் விளங்கிவிட்டன, சார். ஒரு கேள்விதான் மிச்சம். அந்த விசைகள் எப்படி நகர்ந்தன?” என்றார்.

“அதற்கு விடை நம்மிடம் இல்லை, தம்பி. அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்” என்றோம்.

அம்மையாரும் அன்று வந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. இளைஞரின் கையிலிருந்த காகிதங்களைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, ஆறிப்போன அவருடைய காப்பியை எடுத்துச் சென்று சூடாக வேறொரு குவளை கொண்டுவந்து வைத்தார்.